புகை வாணிபமும் நெல் வயலும்
(மிராசுதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிய வேண்டியவை)

காவேரி கடலோடு கலக்குமிடமாகிய பூம்புகார் பண்டைக்காலத்தில் பெரிய துறைமுகமாயிருந்தது. அங்கே வந்திறங்கிய சரக்குகளையும் அங்கிருந்து கப்பலேறிய சரக்குகளையும் அளந்து, புலிமுத்திரை பொறித்த பின்னரே அரசன் சேவகர்கள் வெளியே விட்டனர் என்பது பட்டினப்பாலையால் அறியப்படுகிறது. கண்ணால் காணவும் தராசில் நிறுக்கவும் கூடிய மிளகுக்கும் பொன்னுக்குமே அத்தகைய அளவையும் முத்திரையும் வேண்டியிருந்தன. இக்காலத்திலோ கண்ணுக்குத் தெரியாததும் தராசில் நில்லாததுமான ஒரு சரக்கு விலைக்கு வந்திருக்கிறது. ஆகாயத்தில் கலவாமல் தடுக்கப்பட்ட வாயுவே அச்சரக்கு. இதனைக் ‘கார்பன் கிரெடிட்’ என்பர்.

நெல் வயலில் தண்ணீர் கட்டும் முறையை மாற்றினால் இச்சரக்கு உண்டாகுமென்றும், அதனை விற்றுப் பணம் தருவதாகவும் கூறி, விவசாயிகளிடம் ஒப்பந்தம் கேட்கும் கம்பெனிகள் நம் நாட்டின் நெல் விளையும் மாநிலங்கள் பலவற்றில் தோன்றியுள்ளன. மயிலாடுதுறை மாவட்டத்துக் கடைமடை விவசாயி இவ்வொப்பந்தத்தில் கையெழுத்திடலாமா, கூடாதா? இட்டால் என்ன வரும்? இக்கேள்விகளுக்கு விடை காண, புகை வாணிபத்தின் தத்துவத்தையும், அதனை நம் நாட்டிலேயே பரீட்சித்துப் பார்த்த பொருளாதார அறிஞர்களின் முடிவுகளையும் முதலில் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

புகை வாணிபம் என்பது யாது?

டெல்டா விவசாயிகளுக்கு இதனை விளக்குதல் கடினமன்று. ஒரு வாய்க்காலில் தண்ணீர் குறைவாயிருக்கும் காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். பத்துப் பேருக்கு வாரத்தில் தலைக்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் உளுந்து போட்டிருக்கிறார். அவருக்கு இரண்டு மணி நேரம் போதும். மற்றொருவருடைய நெல் பொதிப்பருவத்தில் இருக்கிறது; அவருக்கு ஆறு மணி நேரம் வேண்டும். முன்னவர் தம் முறையில் இரண்டு மணியைப் பின்னவருக்கு விட்டுக்கொடுத்து அதற்கு ஈடு பெற்றுக்கொண்டால் இருவருக்கும் லாபம், வாய்க்காலுக்கோ நஷ்டமில்லை. ஏனெனில் மொத்தம் நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷமும் போகவில்லை.

இந்த ஏற்பாடு நிலைத்து நிற்பதற்கு இரண்டு விஷயங்கள் வேண்டும். முதலாவது, மொத்த அளவு இவ்வளவுதான் என்று வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, மடையில் கடிகாரத்துடன் நிற்பவர் யாருக்கும் சார்பில்லாதவராயிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் முறை கலைந்து சண்டையாகும்.

புகை வாணிபமும் இதுவே. ஓர் ஊரிலுள்ள ஆலைகள் யாவும் சேர்ந்து இத்தனை டன் புகைதான் விடலாமென்று அரசாங்கம் வரம்பு கட்டுகிறது. அவ்வளவுக்கும் அனுமதிச் சீட்டுகள் வழங்கப்படுகின்றன. குறைந்த செலவில் புகையைத் தடுக்கக்கூடிய ஆலை தன்னிடம் மிஞ்சிய சீட்டுகளை விற்கிறது. தடுக்க அதிகச் செலவு பிடிக்கும் ஆலை அவற்றை வாங்குகிறது. இக்கருத்தைக் கனடா நாட்டுப் பொருளாதார அறிஞர் ஜே. எச். டேல்ஸ் என்பவர் 1968-ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். அமெரிக்க நாடு 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் மின்சார நிலையங்களின் கந்தகப் புகைக்கு இதனைக் கொண்டுவந்தது. 1995 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் கரியமில வாயுவுக்கு இவ்வாறே சந்தை நடத்தி வருகிறது.

சூரத் நகரத்துச் சோதனை

‘இவையெல்லாம் சட்டமும் அளவைக் கருவிகளும் நன்கு அமைந்த நாடுகளுக்குப் பொருந்தும், நம் நாட்டுக்குப் பொருந்துமா?’ என்ற ஐயம் நியாயமானதே. இதனைச் சோதித்தவர்களுள் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோகிணி பாண்டே முக்கியமானவர். இவரும் மைக்கேல் கிரீன்ஸ்டோன், எஸ்தர் டஃப்லோ, நிக்கோலஸ் ரையான் ஆகியோரும் இந்தியாவுக்குப் புகை வாணிபத் திட்டமொன்றை வகுத்து மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு அளித்தனர். அமைச்சகம் 2011-ல் அறிவித்த முன்னோடித் திட்டத்தில் குஜராத், மகாராஷ்டிரம் ஆகியவற்றுடன் தமிழ்நாடும் சேர்க்கப்பட்டிருந்தது. எனினும் சந்தை முதன்முதலாக இயங்கத் தொடங்கியது குஜராத்தின் சூரத் நகரத்தில், 2019-ஆம் ஆண்டிலேயாம்.

சூரத்தில் நிலக்கரி முதலியவற்றை எரிக்கும் ஆலைகள் 317 இச்சோதனையில் சேர்ந்தன. அவற்றுள் பெரும்பாலானவை துணி ஆலைகள். புகைபோக்கியிலிருந்து வெளிவரும் தூசியே அளக்கப்பட்ட பொருள். குலுக்கல் முறையில் 162 ஆலைகள் சந்தைக்குள் வைக்கப்பட்டன. மற்றவை பழைய சட்டத்தின்கீழ் விடப்பட்டன. பண்ணையில் ஒரு பாத்திக்குப் புது உரமும், பக்கத்துப் பாத்திக்குப் பழைய உரமும் இட்டு ஒப்பிடுவதைப் போன்றதே இது.

சீட்டுகளில் நூற்றுக்கு எண்பது பங்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. இருபது பங்கு ஏலம் விடப்பட்டது. ஒரு கிலோ தூசிக்கு ஒரு சீட்டு. விலை 5 ரூபாய்க்குக் கீழும் 100 ரூபாய்க்கு மேலும் போகாதபடி எல்லை வகுக்கப்பட்டது. சீட்டுக்கு மேற்பட்டுப் புகைவிட்ட ஆலையின் முன்வைப்புத் தொகையிலிருந்து, உச்ச விலையின் இருமடங்கு பிடிக்கப்பட்டது. எல்லாவற்றினும் முக்கியமாக, ஒவ்வொரு புகைபோக்கியிலும் இரவும் பகலும் ஓயாது அளந்து கணக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பும் கருவி பொருத்தப்பட்டிருந்தது.

இதன் முடிவுகளை பாண்டே, கிரீன்ஸ்டோன், ரையான், அனந்த் சுதர்சன் ஆகிய நால்வரும் 2025-ல் வெளியிட்டனர். சந்தையிலிருந்த ஆலைகளின் தூசி, மற்றவற்றினும் நூற்றுக்கு 20 முதல் 30 வரை குறைந்தது. வெளிவந்த தூசியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு ஆலைகள் சீட்டு வைத்திருந்தன. புகையைத் தடுக்கும் செலவோ நூற்றுக்கு 11 பங்கு குறைந்தது. அதாவது, புகையும் குறைந்தது, செலவும் குறைந்தது. நம் நாட்டிலும் இம்முறை பலிக்குமென்பதற்கு இது தக்க சாட்சியாகும்.

அளப்பவர் யாரிடம் கூலி வாங்குகிறார்?

சூரத்தின் வெற்றிக்கு மூலம் அங்கே நடந்த வாணிபம் அன்று, அளவையே. இதனை உணர்வதற்கு, பாண்டேயும் அவருடைய கூட்டாளிகளும் அதற்கு முன்னரே குஜராத்தில் நடத்திய மற்றொரு சோதனையைப் பார்க்க வேண்டும். 2013-ல் வெளியான அவ்வாராய்ச்சியில் 473 தொழிற்சாலைகள் சேர்க்கப்பட்டிருந்தன. வழக்கப்படி அத்தொழிற்சாலைகளின் புகையையும் கழிவுநீரையும் அளக்கும் தணிக்கையாளரைத் தொழிற்சாலை முதலாளியே அமர்த்திக்கொண்டு, அவரே கூலியும் கொடுத்து வந்தார். விளைவு யாதெனில், கணக்குகளில் பெரும்பாலானவை சட்டத்தின் எல்லைக்குச் சற்றுக் கீழேயே நின்றன. உண்மையில் அளந்து பார்த்தபோது பல தொழிற்சாலைகள் எல்லைக்கு வெகு மேலே இருந்தன.

அறிஞர்கள் மூன்று மாறுதல்கள் செய்தனர். தணிக்கையாளர் குலுக்கல் முறையில் நியமிக்கப்பட்டார். அவருடைய கூலி பொது நிதியிலிருந்து ஒரே விகிதத்தில் கொடுக்கப்பட்டது. அவர் அளந்தவற்றில் சிலவற்றை வேறொருவர் திடீரென்று போய் மறுபடி அளந்து சரிபார்த்தார். இவ்வளவே. பொய்யாக ‘எல்லைக்குள் உள்ளது’ என்று எழுதுவது நூற்றுக்கு எண்பது பங்கு குறைந்தது. அது மட்டுமன்று, மெய்யான கணக்கு அரசாங்கத்துக்குப் போகிறதென்று கண்ட தொழிற்சாலைகள் தங்கள் புகையையும் கழிவையும் குறைத்துக்கொண்டன.

நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடுபவரை ஒரு தரப்பார் மட்டும் அமர்த்தினால் தராசு எப்பக்கம் சாயுமென்பதை விவசாயிகளுக்குச் சொல்லவேண்டுவதில்லை. வயலிலிருந்து வரும் வாயுவுக்கும் இவ்விதியே பொருந்தும்.

நெல் வயலில் உண்டாகும் வாயு

ஆலைக்குப் புகைபோக்கி உண்டு, வயலுக்கு இல்லை. ஆயினும் வயலிலிருந்து வாயு வெளிவருகிறது. தொடர்ந்து தண்ணீர் தேங்கி நிற்கும் வயலின் சேற்றில் காற்றுப் புகுவதில்லை. காற்றில்லாத அவ்விடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் வைக்கோல், தழை, வேர் முதலியவற்றை உண்டு மீதேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. சேற்றில் கால் வைத்தவுடன் எழும் குமிழிகளில் பெரும்பங்கு இதுவே. அதிலும் அதிகமான வாயு நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே போகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்க்கையில், ஒரு கிலோ மீதேன் சுமார் 28 கிலோ கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் அளவுக்குச் சூடாக்குகிறதென்று கணக்கிடுகின்றனர்.

வயலில் இடும் பொருளுக்கேற்ப வாயு கூடும், குறையும். நடவுக்குச் சில நாட்களுக்கு முன் பச்சையாக மடக்கி உழுத வைக்கோல் மிக அதிக மீதேனை உண்டாக்கும். அதே வைக்கோலை நடவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்னதாகவே மடக்கி உழுதால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் உண்டாகும். நன்கு மக்கிய கம்போஸ்டும் அவ்வாறே. குறுவை அறுத்தவுடன் தாளடி நடுகிறவர்களுக்கு ஒரு மாத இடைவெளி கிடைப்பது அரிது. அவர்கள் வைக்கோலை வெளியேற்றி மக்க வைத்து இடுதல் நலம். தக்கைப்பூண்டு மண்ணுக்குச் செய்யும் நன்மை பெரிது. வாயுவைக் கருதி அதனை நிறுத்த வேண்டியதில்லை.

காய்ச்சலும் பாய்ச்சலும்

வயலை இடையிடையே காயவிட்டால் சேற்றில் காற்றுப் புகும். மீதேன் உண்டாக்கும் உயிர்கள் அடங்கும். இதுவே காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் விவசாயிகள் அறிந்த முறை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு எளிய கருவியொன்றைப் பரப்பியுள்ளது. ஓரடி, அதாவது 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய் அல்லது மூங்கில் குழாயின் அடிப்பாதியில் சுற்றிலும் துளையிட்டு, பாதி மண்ணுள்ளும் பாதி வெளியிலுமாக வயலில் இறக்கி, உள்ளேயிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். வரப்புக்கு அருகில் எளிதிற் பார்க்கக்கூடிய இடத்தில், வயலின் சராசரி மட்டத்தில் வைத்தல் வேண்டும்.

நட்ட பயிர் வேர் பிடித்து, களை அடங்கிய பிறகே, அதாவது நடவாகி இரண்டு அல்லது மூன்று வாரம் கழித்தே, காய்ச்சலைத் தொடங்க வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை பொறுத்து, பின் மண்ணுக்கு மேல் 5 சென்டிமீட்டர் நிற்குமாறு பாய்ச்ச வேண்டும். பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்வரை தண்ணீர் வற்றவே விடலாகாது; அப்போது காய்ந்தால் பதராகும். இவ்வாறு ஒழுங்காகச் செய்தால் விளைச்சல் குறையாமலே நூற்றுக்கு முப்பது வரை பாசன நீர் மிச்சமாகும். தழைச்சத்து உரத்தை ஈரம் வற்றிய மண்ணில் இட்டு உடனே நீர் பாய்ச்சுதல் நன்று. தவறினால் மீதேனுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்ஸைடு என்னும் வேறொரு வாயு அதிகமாகி, பெற்ற நன்மையில் ஒரு பகுதியை அழித்துவிடும்.

ஏக்கர்க் கணக்கு

இனி வரவுக் கணக்கைப் பார்ப்போம். காலநிலை பற்றிய ஐக்கிய நாடுகள் நிபுணர் குழு 2019-ல் திருத்திய விதிகளில், எந்நாளும் நீர் தேங்கிய தெற்காசிய நெல் வயலுக்கு, ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீதேன் என்று சராசரி கொடுக்கப்பட்டுள்ளது. பலமுறை காயவிட்டால் அது 0.55 பங்காகக் குறையும். அதாவது நூற்றுக்கு 45 மிச்சம்.

குறுவை நடவு முதல் அறுவடைவரை 90 நாள் என்று கொள்வோம்.

தேங்கிய வயலில்: 90 × 0.85 = 76.5 கிலோ மீதேன்.
மிச்சம்: அதில் நூற்றுக்கு 45 = சுமார் 34.4 கிலோ.
கரியமில வாயுக் கணக்கில்: 34.4 × 28 = சுமார் 963 கிலோ.
ஏக்கருக்கு: 963 ÷ 2.47 = சுமார் 390 கிலோ.

ஒரு கிரெடிட் என்பது ஒரு டன். ஆகவே ஏக்கருக்கு ஒரு போகத்தில் அரை கிரெடிட்டும் தேறவில்லை. கணக்குக்காக ஒரு கிரெடிட் 1,000 ரூபாய் விற்கிறதென்று கொண்டால், ஏக்கருக்கு 390 ரூபாய். அதிலே கம்பெனிக்கும் தணிக்கைக்கும் பதிவுக்கும் பாதி போனால் விவசாயி கைக்கு 195 ரூபாய். 2025–26-ஆம் ஆண்டுக்கு மத்திய அரசாங்கம் அறிவித்த சாதா ரக நெல்லின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அவ்விலைப்படி 195 ரூபாய் என்பது சுமார் 8 கிலோ நெல்லுக்கு ஈடு. பூக்கும் காலத்தில் ஒருமுறை கவனக்குறைவாகக் காயவிட்டு 40 கிலோ சிப்பம் ஒன்று குறைந்தாலும், ஐந்து ஏக்கரின் கிரெடிட் வரவு ஓர் ஏக்கரிலேயே போய்விடும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மேற்கூறிய 0.85 என்பது சராசரியே. அதே விதிகள் அவ்வெண் 0.58 முதல் 1.26 வரை இருக்கலாமென்றும் கூறுகின்றன. உள்ளபடி ஒரு வயலில் எவ்வளவு என்பதை, அவ்வயலில் பெட்டி வைத்து வாயுவைப் பிடித்து அளந்தாலன்றி அறிய முடியாது. கருவி இரவும் பகலும் அளந்த சூரத் புகைபோக்கிக்கும், சராசரி கொண்டு கணக்கிடும் வயலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

கடைமடையின் நிலைமை

மேட்டூர் அணை திறந்து, கல்லணை கடந்து, மேலையூர் கடையணைக்குக் காவேரி நீர் வந்து சேர்வதற்குள் நாட்கள் பல சென்றுவிடுகின்றன. தலைமடையில் நீர் தேங்கி நிற்கும்போது கடைமடையில் முறை வைத்து விட்டுவிட்டுத்தான் வருகிறது. கிரெடிட் கணக்குக்கோ ‘முன்பு எப்படி இருந்தது’ என்பதே அடிப்படை. முன்பே ஒருமுறை காய்ந்து வந்த வயலுக்கு மேற்படி விதிகள் 0.71 என்ற பங்கை வைக்கின்றன. அதிலிருந்து 0.55-க்கு வந்தால் மிச்சம் 0.16 மட்டுமே. ஏக்கருக்கு 390 கிலோ என்றது சுமார் 139 கிலோ ஆகிவிடும். முன்பே பலமுறை காய்ந்த வயலுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. தண்ணீரின்றி வருந்திய விவசாயி, தான் வருந்தியதைச் சிக்கனமென்று விற்க இயலாது. அவ்வாறு விற்றுத் தருவதாக யாரேனும் சொன்னால், ‘முன்னிலைக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது?’ என்று கேட்பதே முதற்கேள்வி.

பொய்யான முன்னிலைக் கணக்கு நெடுநாள் நிற்காது. கிரெடிட்டுகளைப் பதிவு செய்யும் ‘வெர்ரா’ என்னும் சர்வதேச அமைப்பு, நெல் வயல் மீதேனுக்குரிய பழைய கணக்குமுறையை 2023-ல் நிறுத்தியது. மறுபரிசீலனைக்குப் பிறகு 2024-ல் சீன நாட்டின் 37 நெல் திட்டங்களை நிராகரித்தது. 2025-ல் புதிய கணக்குமுறையொன்றை வெளியிட்டது.

சம்பாவிலும் தாளடியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலைக் காயவிடுதல் பெரும்பாலும் நம் வசத்தில் இல்லை. வாய்க்கால் நீரையே நம்பியவர், அடுத்த முறை என்று வருமென்று தெரியாமல் காயவிடுதலும் கூடாது. களிமண் நன்றாக வெடித்துவிட்டால் மறுபடி நனைக்க முன்னிலும் அதிக நீர் பிடிக்கும். கடலோரத்து உவர் நிலங்களில் வயல் காயுந்தோறும் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். அங்கே இம்முறை ஆகாது.

ஆகவே பூம்புகார்ப் பகுதியில் இம்முறைக்கு ஏற்றவர் யாரெனில், உவரில்லாத நிலத்தில், ஆழ்குழாய்க் கிணற்று நீரால் குறுவை சாகுபடி செய்பவரே. அவருக்குக் கிரெடிட்டைக் காட்டிலும் பெரிய லாபம் ஒன்று உண்டு. கடலுக்கு அருகே நிலத்தடி நீரை மிதமிஞ்சி இறைத்தால் உப்புநீர் உள்நோக்கி நகர்ந்து வரும். ஒருமுறை உப்பான கிணறு மீண்டும் நன்னீராவது எளிதன்று. முப்பது பங்கு நீர் இறைக்காமல் விடுவது கிணற்றின் ஆயுளை நீட்டிப்பதாகும்.

எனினும் இதில் ஓர் இடையூறு உண்டு. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரத்துக்குக் கட்டணமில்லை. ஆதலால் நீரை மிச்சப்படுத்துபவரின் கையில் அன்றைக்குக் காசு ஒன்றும் மிஞ்சுவதில்லை. வங்காளதேசத்தில் உஜ்ஜயந்த் சக்ரவர்த்தி முதலிய அறிஞர்கள் இந்நீர்க்குழாயை விவசாயிகளுக்குக் கொடுத்துப் பரீட்சித்தனர். பாய்ச்சிய அளவுக்கேற்பத் தண்ணீருக்குக் காசு கொடுத்த இடங்களில் சிக்கனம் காணப்பட்டது. பருவத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை கட்டிய இடங்களில் காணப்படவில்லை. மேலும் நிலத்தடி நீர் பொதுச்சொத்து. ஒருவர் விட்டதை அயலார் இறைத்துவிட்டால் பயனில்லை. எனவே ஒரு வாய்க்கால் அல்லது ஒரு கிராமத்தார் கூடிச் செய்தாலன்றி இது முழுப்பயன் தராது.

அரசாங்கத்தின் ஏற்பாடு

2022-ஆம் ஆண்டு எரிசக்தி சேமிப்புத் திருத்தச் சட்டத்தின்கீழ், மத்திய அரசாங்கம் 2023-ல் கார்பன் கிரெடிட் வாணிபத் திட்டத்தை அறிவித்தது. சிமெண்டு, அலுமினியம், காகிதம் முதலிய ஆலைகளுக்கு 2025-ல் இலக்குகள் விதிக்கப்பட்டன. இவ்விலக்கு, சூரத்தைப் போல மொத்தப் புகைக்கு வரம்பன்று. ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு புகை என்ற விகிதமே. விவசாயிக்கு இச்சட்டத்தில் கட்டாய வரம்பு எதுவுமில்லை. அவர் தம் இஷ்டப்படி சேரலாம், சேராமலிருக்கலாம். விவசாயத்தில் இஷ்டபூர்வமான கார்பன் சந்தைக்கென மத்திய விவசாய அமைச்சகம் 2024 ஜனவரியில் ஒரு வழிமுறை நூலை வெளியிட்டுள்ளது. ஆகவே ‘சேராவிட்டால் அபராதம்’ என்று எவரேனும் கூறினால் அது மெய்யன்று.

கையெழுத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

பாண்டேயும் வேறு மூன்று அறிஞர்களும் பஞ்சாபில் வைக்கோல் எரிப்பதைத் தடுக்கப் பணம் கொடுத்துச் செய்த சோதனை இங்கே வழிகாட்டும். எரிக்கவில்லையென்று சோதித்த பிறகே முழுப்பணமும் தருவதாகச் சொன்ன ஒப்பந்தம் பலன் தரவில்லை. ஒரு பகுதியை முன்னதாகவே நிபந்தனையின்றிக் கொடுத்த ஒப்பந்தத்திலேயே எரிப்பது குறைந்தது. கையில் முன்பணமில்லாமையும், பின்னால் வருமோ வராதோ என்ற அவநம்பிக்கையும் குடியானவரைத் தடுக்கின்றன என்பது இதனால் விளங்கும். இதனை மனத்திற்கொண்டு, கீழ்க்கண்டவற்றை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

1. தொகை ஏக்கருக்கா, கிரெடிட்டுக்கா? கிரெடிட்டுக்கு என்றால் விற்ற விலையில் விவசாயி பங்கு எத்தனை? விலை விவரம் காட்டப்படுமா?
2. முன்பணம் உண்டா? மீதி எந்த மாதத்தில் வரும்?
3. அளப்பவரை நியமிப்பவர் யார், கூலி கொடுப்பவர் யார்? மறுசோதனை உண்டா?
4. வயலின் முன்னிலை எவ்வாறு எழுதப்பட்டது? அதன் பிரதி விவசாயிக்குக் கொடுக்கப்படுமா?
5. ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? அணை திறக்காமலோ வெள்ளத்தாலோ முறை தவறினால் அபராதம் உண்டா? இடையில் விலக வழி உண்டா?
6. ஒரே நிலத்துக்கு இரண்டு கம்பெனிகளிடம் கையெழுத்திடலாகாது. ஒரே மிச்சத்தை இருமுறை விற்பது மோசடியாகும்.
7. ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். அதன் பிரதி கையில் இருக்க வேண்டும்.

விவசாயி தம் பங்குக்குச் சிறு நோட்டுப்புத்தகம் ஒன்று வைத்து, நடவுத் தேதி, குழாயில் நீர்மட்டம், பாய்ச்சிய நாள், பம்புசெட் ஓடிய மணி, உரமிட்ட நாள் இவற்றைக் குறித்து வருவாராக. கம்பெனி போனாலும் இக்கணக்கு அவருடையது.

கிராம உத்தியோகஸ்தர்களின் கடமை

கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் பயிரும் பாசன வகையும் உள்ளபடி இருக்குமாயின், பொய்யான முன்னிலைக் கணக்குக்கு இடமிராது. கோயில், மடங்களுக்குரிய நிலங்கள் இப்பகுதியில் மிகுதி. குத்தகைக்கு உழுபவரும் பலர். நிலத்துக்குரியவர் கையெழுத்திட்டுப் பணம் பெற, இரவில் மடைக்குப் போய்க் குழாயைப் பார்ப்பவர் குத்தகைதாரராயிருந்தால் அது நியாயமாகாது. அவருடைய பங்கும் ஒப்பந்தத்தில் எழுதப்படுமாறு உத்தியோகஸ்தர்கள் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். கம்பெனி ஆட்கள் கிராமத்துக்கு வரும்போது தனித்தனி வீடுகளில் அல்லாமல், வேளாண்மை உதவி அலுவலரும் உடனிருக்கப் பொதுக் கூட்டத்தில் பேசச் செய்வது நலம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று விஷயங்கள் விளங்கும். புகை வாணிபம் வெறும் ஏமாற்று அன்று. சூரத்தில் அது பலித்தது. அது பலித்ததற்குக் காரணம், மொத்த வரம்பும் நடுநிலையான அளவையுமே. நெல் வயலில் அவ்விரண்டும் இன்னும் உறுதிப்படவில்லை; ஆதலால் அதிலிருந்து வரும் பணத்தை மேல்வரவாகக் கொள்ளலாமேயன்றி, அதனை நம்பிக் கடன் வாங்கலாகாது.

காய்ச்சலும் பாய்ச்சலும் ஏற்ற நிலத்தில் இருப்பவர், வரும் குறுவையில் ஓர் ஏக்கரில் மட்டும் நீர்க்குழாய் வைத்து, பக்கத்து ஏக்கரைப் பழைய முறையில் விட்டு, இரண்டின் விளைச்சலையும் பம்புசெட் ஓடிய மணியையும் தம் கையாலேயே குறித்து ஒப்பிட்டுப் பார்ப்பாராக. பண்டைப் புகாரில் சரக்குக்கு முத்திரை வைத்தவர்கள் அரசன் சேவகர்கள். இப்புதிய சரக்குக்கு முதல் முத்திரை விவசாயியின் சொந்தக் கணக்கே. அக்கணக்கு கையிலுள்ளவர், கம்பெனியாரிடம் பேசும்போது பிறர் சொல்லும் எண்ணை நம்பி நிற்க வேண்டியதில்லை.